மன அழுத்தத்திற்கு யாரிடம் போவது? முதன்முறையாக உதவி தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னை, கோவை போன்ற பெருநகரங்களில் மட்டுமல்லாமல், மாவட்டத் தலைநகரங்களின் கடைத்தெருக்களிலும் இப்போது ‘மன அழுத்த மேலாண்மை மையம்’ என்ற பலகைகளைக் காண முடிகிறது. அத்தகைய பலகைக்குப் பின்னால் எம்.டி. படித்த மனநல மருத்துவர் அமர்ந்திருக்கலாம். உளவியலில் முதுகலை முடித்த ஆலோசகர் இருக்கலாம். யோகா ஆசிரியர் இருக்கலாம். இணையத்தில் ஒரு வார இறுதிப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிய ‘லைஃப் கோச்’சும் இருக்கலாம். இவர்களுள் எவருக்கும் பிறர் துன்பத்தைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. எனினும், யாருக்கு எதைச் செய்யப் பயிற்சி உண்டு, யாருக்கு எதைச் செய்யச் சட்டப்படி உரிமை உண்டு என்பதைப் பலகை சொல்லாது. முதன்முறையாக உதவி தேடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாமல் இருப்போரின் பங்கு, நோயைப் பொறுத்து 70 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடு வரை இருப்பது தெரியவந்தது. வெட்கமும் பணமும் இதற்குக் காரணங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலேயே காலம் கடத்துகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே கீழ்க்கண்டவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதற்படி: அவசரமா, இல்லையா?

இறந்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது, இல்லாத குரல் காதில் கேட்கிறது, நாட்கணக்கில் தூக்கமே இல்லாமல் பேச்சும் நடத்தையும் மாறிவிட்டன என்ற நிலைகளில், நல்ல ஆலோசகர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உடனே செல்ல வேண்டும். போகும் வழியிலோ, போக இயலாத நள்ளிரவிலோ 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இதே எண்ணில் சேவை நடக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. தற்கொலைத் தடுப்புக்காகவே 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் ‘சினேகா’ தன்னார்வ அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

‘சாகணும்போல இருக்கு’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால், ‘இப்படியெல்லாம் பேசாதே’ என்று அடக்கிவிடுவது நம் வழக்கம். அப்படி அடக்காமல், எப்போதிருந்து இந்த எண்ணம், எப்படிச் செய்யலாம் என்று யோசித்தது உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது. பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டைகள் போன்றவற்றை அவர் கைக்கெட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துவது, அன்றிரவு குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம்.

இரண்டாம் படி: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

அவசரம் இல்லை என்றால், முதலில் போக வேண்டிய இடம் உங்கள் வழக்கமான பொது மருத்துவரே. நம் ஊரில் மன அழுத்தம் பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் வெளிப்படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, கைகால் வெடவெடக்கிறது, ‘ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது’ என்று சொல்லிக்கொண்டே மருத்துவமனை மாறி மருத்துவமனையாக இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: தைராய்டு மிகையாகச் சுரப்பதால் வந்த படபடப்பையும் எடை இழப்பையும் ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடுகிறார்கள்; இரத்தசோகையால் வந்த அசதியை ‘மனசு சரியில்லை’ என்கிறார்கள்.

ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகிய எளிய பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்குப் பி12 அளவையும் பார்க்கச் சொல்லலாம். குறட்டையுடன் மூச்சு விட்டுவிட்டு வருவதாக வீட்டார் சொன்னால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவருக்குப் பகலில் எரிச்சலும் மறதியும் வருவது இயல்பு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும், நாளுக்கு நான்கைந்து டம்ளர் காபியும்கூடப் படபடப்பைத் தரும். இவற்றைக் கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் மனநல வல்லுநரின் பங்கு.

மூன்றாம் படி: யார் எதற்கு?

இங்கேதான் குழப்பம் அதிகம். எனவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேற்படிப்பை முடித்தவர். நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் இவருக்குப் பயிற்சியும் உரிமையும் உண்டு. தூக்கம், பசி, வேலை ஆகிய மூன்றும் இரண்டு வாரங்களுக்கும் மேலாகக் குலைந்திருந்தால், அல்லது முன்பே குடும்பத்தில் மனநோய் வரலாறு இருந்தால், இவரை முதலில் பார்த்துவிடுவதே முறை. பார்த்தால் மாத்திரை கொடுத்துவிடுவார் என்ற பயம் தேவையற்றது. மாத்திரை வேண்டாம், பேச்சுவழிச் சிகிச்சையே போதும் என்று சொல்லி அனுப்புகிற மனநல மருத்துவர்கள் ஏராளமானோர் இருக்கிறார்கள்.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், எழுதவும் கூடாது. உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவருடைய துறை. இந்தியாவில் இப்பெயரைப் பயன்படுத்துவதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு இருக்க வேண்டும். நீண்ட காலமாக இதற்கான தகுதி, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பாக இருந்துவந்தது, அண்மைக் காலத்தில் படிப்புகளின் அமைப்பு மாறிவருகிறது. உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. மட்டும் படித்தவர் நல்ல ஆலோசகராக இருக்கலாம். ஆனால் அவர் மருத்துவ உளவியலாளர் ஆகமாட்டார். இந்த வேறுபாட்டை வலியுறுத்தினால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஆலோசகர் என்பது மிகத் தளர்வாகப் புழங்கும் பட்டம். தேர்வுத் தோல்வி, வேலையிடத் தகராறு, மணவாழ்க்கைக் கசப்பு, நெருங்கியவரின் இழப்பு போன்ற வாழ்க்கைச் சிக்கல்களுக்கு நல்ல பயிற்சி பெற்ற ஆலோசகரே பெரும்பாலும் போதும். மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் குடும்பம், வேலை, அரசு உதவித்தொகை, மறுவாழ்வு ஆகியவற்றை இணைத்துப் பார்ப்பவர். அரசு மருத்துவமனைகளில் இவரைச் சந்திக்கலாம், தனியார் மையங்களில் அரிது. இத்தகைய பல பிரிவினரை ஒழுங்குபடுத்தும் நோக்கில் நாடாளுமன்றம் 2021-இல் துணைமருத்துவ மற்றும் நலப்பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. ஆலோசகர், மனநலச் சமூகப் பணியாளர், சுகாதாரக் கல்வியாளர் ஆகியோர் அதன் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். பதிவேடுகள் முழு அளவில் நடைமுறைக்கு வரும் வரை, ஆலோசகரின் தகுதியை நாமே கேட்டறிய வேண்டியிருக்கும்.

யோகா மற்றும் இயற்கை மருத்துவர்கள் பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்தவர்கள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இவர்களின் பிரிவு உண்டு. தெருமுனை யோகா வகுப்பு நடத்துகிறவரும் இவர்களும் ஒன்றல்லர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்ற முதுகலைப் பிரிவை முடித்தவரையும் மனநல வல்லுநர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. அதே சட்டம், எந்த வல்லுநரும் தம் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்துகிறது.

உடல்நல மேம்பாட்டுப் பணியாளர்கள் இன்னொரு வகையினர். 1986 நவம்பர் 21 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் ஏற்கப்பட்ட சாசனம், மக்கள் தங்கள் உடல்நலத்தின்மீது தாங்களே கூடுதல் கட்டுப்பாடு பெற உதவுவதே நலமேம்பாடு என்று வரையறுத்தது. உணவியல் நிபுணர், உடற்பயிற்சி வல்லுநர், கிராம சுகாதாரச் செவிலியர், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர் ஆகியோர் எல்லாம் அந்த வரையறைக்குள் வருகிறவர்களே. இவர்கள் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் அல்லர். ஆனால் குடி, புகை, தூக்கக் கேடு, நேரந்தவறிய சாப்பாடு ஆகியவற்றின் மூலம் அழுத்தம் உடம்பில் இறங்கும் வழிகளை அடைப்பவர்கள் இவர்களே. மாலையானால் டாஸ்மாக்கில் ‘டென்ஷனைக் குறைத்துக்கொள்ளும்’ ஒருவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. முதலில் குடிநோய் மீட்புப் பிரிவுக்குத்தான் வழிகாட்ட வேண்டும்.

நான்காம் படி: பதிவைச் சரிபாருங்கள், கேள்வி கேளுங்கள்

மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. இணையத்தளத்தில் தேடலாம், அப்பதிவுக்குக் காலவரம்பு உண்டு, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதால், பதிவு இப்போதும் நடப்பில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்றிருந்தால், அது மருத்துவப் பட்டமா, முனைவர் பட்டமா, விலைக்கு வாங்கிய கௌரவப் பட்டமா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். ‘நீங்க எந்தப் படிப்பு முடிச்சிருக்கீங்க? எங்கே பயிற்சி எடுத்தீங்க? என்னை மாதிரிப் பிரச்சினையோட வர்றவங்களுக்கு என்ன முறையில சிகிச்சை தர்றீங்க? தேவைப்பட்டா எந்த மனநல மருத்துவர்கிட்ட அனுப்புவீங்க?’ இவற்றுள் கடைசிக் கேள்விக்கு வரும் விடையைத்தான் நான் மிகவும் கவனிப்பேன். தம் எல்லையை அறிந்தவர் உடனே ஒரு பெயரைச் சொல்லுவார். அறியாதவர், ‘அதுக்கெல்லாம் அவசியமே வராதுங்க’ என்பார்.

விலகிவிட வேண்டிய இடங்களுக்கும் சில அடையாளங்கள் உண்டு. ஐந்தே அமர்வில் முழுக்குணம் என்று உறுதி கூறுவது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்வது, ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது, தம்மிடமே சத்துமாவோ கல்லோ எண்ணெயோ வாங்கச் சொல்வது, பிற வாடிக்கையாளர்களின் கதைகளைப் பெயரோடு எடுத்துச் சொல்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். நேற்று வந்தவர் கதையை இன்று உங்களிடம் சொல்கிறவர், நாளை உங்கள் கதையை வேறொருவரிடம் சொல்லுவார்.

ஐந்தாம் படி: செலவில்லாத வழி

தனியார் ஆலோசனைக் கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுபடும். வாரந்தோறும் செல்ல வேண்டியிருந்தால் நடுத்தரக் குடும்பத்துக்கே சுமைதான். அரசு வழி இருப்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு செயல்படும். வட்டார மருத்துவமனைகளுக்கு அந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்க்கும். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்பதை அம்மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டறியலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறைக்குத் தனிப் புறநோயாளர் பிரிவு உண்டு.

காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் ‘எந்த டிபார்ட்மெண்ட்?’ என்று உரத்த குரலில் கேட்பார்கள். ‘சைக்கியாட்ரி’ என்று சொல்லும்போது பின்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கக்கூடும். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு. கூச்சமாக இருந்தால், துறையின் பெயரையோ அறை எண்ணையோ ஒரு தாளில் எழுதி நீட்டிவிடலாம். பெரிய மருத்துவமனையில் முதல் நாள் பயிற்சி மருத்துவர் ஒருவர் விரிவாக விசாரித்து எழுதிக்கொள்வார், பிறகு மூத்த மருத்துவர் பார்ப்பார். ஒரே கதையை இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-இல் வேர்கொண்ட நிறுவனம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நம் திரைப்படங்களும் கேலிப் பேச்சும் அந்தப் பெயரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அங்கே தினமும் புறநோயாளராக வந்து, மருந்தோ ஆலோசனையோ பெற்றுக்கொண்டு, மாலையில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கேலிகள் சொல்வதில்லை.

ஆறாம் படி: முதல் சந்திப்பு

போவதற்கு முன் ஒரு தாளில் நான்கைந்து வரிகள் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எப்போது தொடங்கியது, அப்போது வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது, எது தொந்தரவைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிக்கொள்ளுங்கள். அறைக்குள் போனதும் தொண்டை அடைத்துக்கொண்டு எல்லாம் மறந்துபோவது சாதாரணம். அந்தத் தாளையே நீட்டிவிடலாம்.

‘மனசு சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, நடந்ததை நடந்தபடி சொல்வது வல்லுநருக்கு உதவும். எடுத்துக்காட்டாக, தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது ‘தூக்கமே இல்லைங்க’ என்ற விடையோடு நல்ல மருத்துவர் நின்றுவிடமாட்டார். ‘நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க? படுத்து எவ்வளவு நேரம் கழிச்சுத் தூக்கம் வந்துச்சு? நடுவுல முழிப்பு வந்துச்சா? காலையில எத்தனை மணிக்கு முழிச்சீங்க, அப்ப மனசு எப்படி இருந்துச்சு?’ என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பார். கவலையில் புரண்டு புரண்டு படுத்துத் தூக்கம் வரத் தாமதமாவது ஒரு வகை. படுத்ததும் தூங்கிவிட்டு, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே விழித்து, விடியும்வரை நெஞ்சில் பாரத்தோடு கிடப்பது வேறொரு வகை. முதலாவது பதற்றத்தின் பக்கமும், இரண்டாவது மனச்சோர்வின் பக்கமும் மருத்துவரின் சிந்தனையைத் திருப்பக்கூடும். மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோயாக இருப்பதால்தான் இத்தனை கேள்விகள்.

சில இடங்களில் வினாத்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 மனச்சோர்வை அளவிடப் பரவலாகப் பயன்படுகிறது. அதன் மதிப்பெண் 0 முதல் 27 வரை செல்லும், 10 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாக விசாரிப்பார்கள். 1983-இல் உருவான ‘உணரப்பட்ட அழுத்த அளவுகோல்’ கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை எந்த அளவுக்குக் கைமீறிப் போனதாகத் தோன்றியது என்று கேட்கும். இவை வெப்பமானியைப் போன்றவை. காய்ச்சல் இருப்பதைக் காட்டும், எதனால் வந்தது என்று சொல்லாது. எனவே இணையத்தில் தாமே நிரப்பி, வந்த எண்ணைப் பார்த்துத் தமக்கு நோய் இருப்பதாகவோ இல்லை என்றோ முடிவுகட்டுவது சரியல்ல.

கூட வருகிறவர் எந்த அளவுக்கு உள்ளே இருப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அம்மாவோ கணவரோ உடன் வந்தால், நோயாளியை ஓரமாக வைத்துவிட்டு அவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நம் குடும்பங்களின் இயல்பு. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் சொன்னவற்றை இரகசியமாகக் காப்பது மனநலப் பராமரிப்புச் சட்டப்படி வல்லுநரின் கடமை. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அந்த விதிவிலக்குகள் எவை என்பதை முதல் சந்திப்பிலேயே தாமாக எடுத்துச் சொல்பவர் முறையாகப் பயின்றவர் என்று நம்பலாம்.

ஏழாம் படி: கற்றுத்தரும் பயிற்சியை எப்படிச் செய்வது

மன அழுத்தத்துக்கு வல்லுநர்கள் கற்றுத்தரும் முறைகள் எல்லாம் அண்மையில் முளைத்தவை அல்ல. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்த படிப்படியான தசைத் தளர்வுப் பயிற்சி, ‘ஜே.பி.எம்.ஆர்.’ என்ற சுருக்கப் பெயரில் நம் மருத்துவமனைகளில் இன்றும் நாள்தோறும் கற்பிக்கப்படுகிறது. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சித் திட்டம், பௌத்தத் தியான முறையிலிருந்து சமயச் சடங்குகளை விலக்கி எடுத்துக்கொண்டது. எண்ணங்களைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, ஆரன் பெக் என்ற மனநல மருத்துவரால் 1960-களில் உருப்பெற்றது. நம்முடைய மூச்சுப்பயிற்சிகளின் வயதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தசைத் தளர்வுப் பயிற்சியைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஆலோசனை அறையில் என்ன நடக்கும் என்பது இதிலிருந்து ஓரளவு புரியும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, கடிகாரத்தையும் இறுக்கமான பெல்ட்டையும் தளர்த்திக்கொள்ளச் சொல்வார்கள். முதலில் வலது கையை முஷ்டியாக மடக்கி ஐந்து முதல் ஏழு வினாடிகள் இறுக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம் அந்தக் கை எப்படி இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து இடது கை, புஜங்கள், நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று வரிசையாகப் போகும். புதிதாகச் செய்கிறவர்கள் முஷ்டியை மடக்கும்போதே மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். ‘மூச்சைப் பிடிக்காதீங்க, கை மட்டும்தான்’ என்று பயிற்றுநர் பலமுறை திருத்த வேண்டியிருக்கும். தோளுக்கு வரும்போது, தோள்கள் அதுவரை காதுவரை ஏறி நின்றதே தமக்குத் தெரியாது என்று பலர் வியப்பார்கள். கெண்டைக்காலை மிகையாக இறுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே மென்மையாகச் செய்ய வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே தொடங்குவது நல்லது.

ஒரு நாள் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடுகிறவர்களே மிகுதி. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பார்ப்பதும் பயன் தராது. அமைதியாக இருக்கும் வேளைகளில் நாள்தோறும் பழகினால்தான் நெருக்கடியில் உடம்புக்கு அது நினைவுக்கு வரும். அடுத்த முறை சந்திக்கும்போது ‘வீட்டுப்பாடம் செய்தீர்களா?’ என்று கேட்பார்கள். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லிவிடுங்கள். ஏன் முடியவில்லை என்பதே அன்றைய உரையாடலின் பொருளாக அமையக்கூடும்.

எட்டாம் படி: மாத்திரை பற்றி

மனச்சோர்வுக்கும் பதற்றநோய்க்கும் இன்று முதன்மையாக எழுதப்படும் மருந்துகள் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பயன் தெரிய இன்னும் கூடுதல் காலம் பிடிக்கலாம். முதல் சில நாட்களில் குமட்டலோ, தலைவலியோ, சற்றே கூடுதலான படபடப்போ வரலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாதவர்கள், மூன்றாம் நாளே ‘ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நலமானதும் தாமே திடீரென நிறுத்துவதும் அதைப் போலவே தொல்லை தரும். இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

அல்பிரசோலம், டயசிபம் போன்றவை வேறு இனம். உடனே அமைதி தருவதால் ஆபத்தும் அவற்றில்தான். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடம்பு அவற்றுக்குப் பழகிவிடக்கூடும். இந்தியச் சட்டத்தில் இவை எச்1 அட்டவணை மருந்துகள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் கடைக்காரர் குறித்துவைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தமக்கு எழுதிக்கொடுத்த ‘தூக்க மாத்திரையில்’ பாதியை அன்போடு பிட்டுத் தருவார். அந்த அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: அலுவலகம் ஏற்பாடு செய்யும் ஆலோசகர்

பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர்களுக்கு இலவச ஆலோசனை ஏற்பாடு இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது உங்கள் நிறுவனம் என்பதை நினைவில் வைத்து, மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனிதவளப் பிரிவுக்கு என்ன அறிக்கை செல்கிறது? அதில் பெயர் இருக்குமா, எண்ணிக்கை மட்டும்தானா? இலவச அமர்வுகள் முடிந்த பிறகும் உதவி தேவைப்பட்டால் வெளியே யாரிடம் அனுப்புவார்கள்? விடைகளை எழுத்தில் பெற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

வேலைப்பளுவால் வரும் களைப்பை, அதாவது ‘பர்ன் அவுட்’டை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாடு நோய்கள் வரிசையில் சேர்க்காமல், தொழில்சார்ந்த நிகழ்வு என்றே குறிப்பிடுகிறது. இதன் பொருள் அது பொய் என்பதல்ல. அதன் வேர் வேலையின் அமைப்பில் இருக்கிறது என்பதாகும். அந்நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும், ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பதோடு நிறுத்தாமல், வேலைப்பளு, பணிநேரம் போன்றவற்றைச் சீர்செய்வதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் பரிந்துரைக்கின்றன. இரவு பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் அழைப்பையும், மறுநாள் காலை ஏழு மணிக்கு ‘மன அழுத்த நிவாரண யோகா’வையும் ஒரே நிறுவனம் வைத்தால், அங்கே திருந்த வேண்டியது ஊழியரின் மூச்சு இல்லை. நேர்மையான வல்லுநர் இதை உங்களிடம் வெளிப்படையாகப் பேசுவார். பணிமாற்றமோ விடுப்போ கேட்பதற்குத் தேவையான கடிதத்தையும், உங்கள் ஒப்புதலோடு, எழுதித் தருவார்.

பத்தாம் படி: எப்போது தொடர்வது, எப்போது மாறுவது

வாழ்க்கைச் சிக்கலுக்கான ஆலோசனை சில அமர்வுகளிலேயே முடியலாம். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பொதுவாக ஆறு முதல் இருபது அமர்வுகள் வரை போகும். மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில், ‘நாம எதை நோக்கிப் போறோம்? இதுவரைக்கும் என்ன மாறியிருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அழுது முடித்ததும் கிடைக்கும் நிம்மதியும் மதிப்புடையதே. ஆனால் மாதங்கள் கடந்தும் அந்த நிம்மதியைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்றால், முறையையோ ஆளையோ மாற்றிப் பார்க்க வேண்டும். வல்லுநரோடு மனம் ஒட்டவில்லை என்பதும் மாறுவதற்குப் போதுமான காரணந்தான். ‘அவர் மனசு கஷ்டப்படுமே’ என்று நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது நம்மிடையே மிகுதி. நேரில் சொல்லிவிட்டால், பொருத்தமான வேறொருவரை அவரே பரிந்துரைப்பார்.

மாறும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. இதுவரை கண்டறிந்தது என்ன, எந்த மருந்து எந்த அளவில் எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பவை அடங்கிய சுருக்கக் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி வைத்திருந்தால், புதிய இடத்தில் முதல் அரைமணி நேரம் மிச்சமாகும். மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் அந்தப் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. ஆனால் பல பாலிசிகளில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் கிடைக்கும், புறநோயாளர் ஆலோசனைக்குக் கிடைக்காது என்பதால், அந்த வரியைப் படித்துவிட்டே செலவைத் திட்டமிடுங்கள்.